வெளியே: 4.40

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானே நம்பாத கட்சிதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. எதிரே நேரமும் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

வனத்துறைக்கு வழவழப்பான புத்தகங்கள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அன்று என்னைக் கூட்டிப்போன அதிகாரிக்கு அலுவலகத்தில் 'மைக்' என்று பெயர். எதிரில் மைக் இல்லாவிட்டாலும் பேசுவார். தேசியப் பூங்கா, சரணாலயம், உயிர்க்கோளக் காப்பகம்... எதற்குள் மாடு மேயலாம், எதற்குள் மனுஷன் நுழையலாம், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

அந்தக் காடு மூன்று வட்டம். வெளிவட்டத்தில் ஊர்கள். நடுவட்டத்தில் சுற்றுலா. உள்வட்டத்தில் அனுமதியில்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது. அதன் எல்லையில் பதினான்கு கற்கள். ஒன்பதாவது கல்லோடு உள்வட்டத்தைச் சுருக்கினால், மீதியில் விடுதி கட்டலாம். 'அங்கே அரிய உயிரினம் எதுவும் இல்லை' என்று நான் அழகாக எழுத வேண்டும். அதற்குத்தான் கூட்டிப்போனார்.

வாசல் சாவடியில் ஒரு புத்தகம். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். ஆறு மணிக்குள் 'வெளியே' கட்டம் நிரம்பாவிட்டால் தேட ஆள் போகும். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. அவர் கணவர் அங்கே காவலராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் உள்ளே போய்க் காணாமல் போனார். 'வெளியே' கட்டம் நிரம்பியிருந்ததால் யாரும் தேடவில்லை. வேலையை விட்டு ஓடிப்போனவர் என்று கோப்பை மூடிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேர் மட்டும் மிச்சம்.

எங்களோடு வந்த காவலர், அந்த அக்காவின் தம்பி.

மதியம் 2.15. மூவரும் பெயரெழுதி உள்ளே போனோம்.

ஒவ்வொரு கல்லையும் தம்பி தடியால் மூன்று முறை தட்டினார். யாராவது பிடுங்கி நகர்த்தி நட்டிருந்தால் சத்தம் பொத்தென்று வருமாம். காவலர்களின் வழக்கம்.

3.10. ஏழாவது கல். தட்டிவிட்டு நகர்ந்தோம்.

பின்னால், தாண்டி வந்த ஆறாவது கல் பக்கம்... டக்... டக்... டக்.

"மரங்கொத்தி. உயிர்ப்பன்மைக்குச் சான்று. எழுதிக்கோங்க," என்றார் மைக்.

எழுதிக்கொண்டேன். கூலிக்காரன்தானே.

"கல்லுல கொத்தாதுங்க சார்," என்றார் தம்பி.

3.31. எட்டாவது கல். பின்னால், ஏழாவது கல்லில்... டக்... டக்... டக்.

அப்போதுதான் கவனித்தேன். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

3.52. ஒன்பதாவது கல். தம்பி தட்டவில்லை.

"திரும்பாதீங்க சார். மாமா தட்டுறாரு."

மைக் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "எவனோ விளையாடறான்," என்று வந்த வழியே போனார். புதர் அவரை மறைத்தது. குரல் மட்டும் கேட்டது.

"இது பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதி இல்லாம இங்க யாரும்..."

நின்றது.

மைக் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் கேட்டதே இல்லை.

கூப்பிட்டோம்.

டக்.

எங்கள் பக்கத்தில். ஒன்பதாவது கல்லில்.

அங்கே யாரும் இல்லை.

டக்...

ஓடினோம்.

குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து சாவடிக்கு வந்தபோது மணி 4.40. மைக் வரவில்லை என்று தம்பி கத்தினார். அக்கா புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

மூன்று பெயருக்கும் எதிரே 'வெளியே' நிரம்பியிருந்தது.

4.40. 4.40. 4.40.

அலுவலகத்துக்குப் போன் செய்தோம். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னோம். "அப்ப வெளிய வந்தாச்சே," என்றார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவிடமும் இதையேதான் சொன்னார்களாம்.

மறுநாளும் மைக் வீடு திரும்பாததால் ஒருவழியாக ஆள் போனது. ஒன்பதாவது கல்லுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் எலும்புகள் கிடைத்தன. கூடவே ஒரு தடி, காவலர் பெல்ட். அக்காவின் கணவர். மைக்கின் தொப்பிகூடக் கிடைக்கவில்லை. இன்றுவரை.

உள்வட்டம் அப்படியே இருக்கிறது. விடுதிக்காக மைக் கேட்ட புத்தகத்தை நான் எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். பென்ஷன் வந்துவிட்டது. பழைய பக்கத்தைக் காட்டினார். காணாமல் போன அன்று கணவரோடு உள்ளே போனது மைக். இரண்டு பேருக்கும் 'வெளியே' 4.40. இரண்டும் மைக்கின் கையெழுத்து. ஏன் அப்படிப் போட்டார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

பிறகு எங்கள் பக்கத்தைத் திருப்பினார். அந்த மூன்று 4.40-ஐ விரலால் தடவினார்.

"இது எங்க வீட்டுக்காரர் எழுத்து," என்றார். "நீங்க உள்ள போய் அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். ரெண்டு இருபதுக்கே பார்த்துட்டேன். மூணும் எழுதியிருந்துச்சு."

ஏன் அப்போதே யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

அக்கா புத்தகத்தை மூடினார்.

"உங்களுக்கும் தம்பிக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுச்சு சார்."