முக்கால்வாசிக்காரர்

உப்பு சரியா இருக்கா என்று மனைவி கேட்டால், "முக்கால்வாசி" என்பார். கதவைப் பூட்டியாச்சா என்றால் அதற்கும் முக்கால்வாசிதான். பூட்டுக்கு அப்படி ஒரு நிலை உண்டா என்று அந்த அம்மாளும் கேட்டுப் பார்த்துவிட்டார்.  வீட்டில் மறந்து வைத்த கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த மச்சினன், வாசலிலேயே "எங்க முக்கால் இருக்காரா?" என்று கேட்டுத் தொலைக்க, அன்றிலிருந்து அங்கேயும் அதே பெயர். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் பொருத்தம்தானா என்று யாரோ கேட்டதற்கு, நன்றாக யோசித்துவிட்டு, "ஓரளவு" என்றாராம்.

ஐம்பதை நெருங்கும் வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த கறுப்புப் பேனா. அச்செடுத்த படங்களில் பிழையைச் சுழிக்கவென்று வாங்கியது. சுழித்துவிட்டால் அது பிழைதான் என்று முடிவாகிவிடுமே என்கிற தயக்கத்தில் அதைத் திறப்பதே இல்லை. திரையில் ஏதாவது உறுத்தினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போவார். வழியில் நாற்காலி இருந்தால் இடித்துக்கொள்வார். நாற்காலியிடம் "ஸாரி" கேட்பார்.

பேட்டரி சூடாகாமல் இருக்க அதன் அடியில் வைக்கும் குளிர்த்தகடுகளை வடிவமைப்பது அவருடைய தொழில். உலோகத் தகட்டின் வயிற்றுக்குள் தண்ணீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். எந்த வழியாக ஓடவேண்டும் என்று இவர் வரைவதில்லை. தகட்டைப் பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டமும் உலோகமா தண்ணீரா என்று தீர்மானிக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடுவார். படத்தில் உலோகம் கறுப்பு, தண்ணீர் வெள்ளை.

"எடுத்த எடுப்புலயே நீ யாருன்னு கேட்டா, அது பயந்துபோய் எதையாவது சொல்லிட்டு அதுலயே நின்னுக்கும். மொதல்ல கொஞ்சம் இது, கொஞ்சம் அதுன்னு இருக்கட்டும்னு விடணும். போகப்போக இறுக்கணும்" என்பார்.

ஆகவே தொடக்கத்தில் எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறம். பாதி உலோகமான ஒரு கட்டம் தண்ணீரை எவ்வளவு தடுக்கும், சூட்டை எவ்வளவு கடத்தும் என்பதை ஒரு வளைகோடாக அவர் எழுதிக் கொடுக்கவேண்டும். கோட்டைத் தாராளமாக எழுதிவிட்டால், சாம்பல் கட்டம் தண்ணீருக்கும் வழி விடும், உலோகமாகச் சூட்டையும் கடத்தும். "ரெண்டு ஆபீஸ்ல சம்பளம் வாங்குற ஆளு அவன். கம்ப்யூட்டருக்கு அவனைத்தான் புடிக்கும். தகடு பூரா அவனையே உக்கார வச்சிடும்." அப்படியொரு பொருள் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. அதனால் கடைசிச் சுற்றுகளில் கோட்டைக் கடுமையாக்கி, சாம்பலையெல்லாம் கறுப்புக்கோ வெள்ளைக்கோ துரத்திவிடுவார். தப்பித்த ஒரே சாம்பல் அவர்தான் என்பது அலுவலகத்துக் கிண்டல்.

மின்சாரப் பேருந்து செய்யும் ஒரு கம்பெனிக்காக அவர் போட்ட தகட்டில், கணினிக் கணக்குப்படி சூடு யாரும் எதிர்பாராத அளவுக்கு இறங்கியது. பிரிவுத் தலைவியான மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைச் சுவரளவுக்கு அச்செடுத்துக் கூட்ட அறையில் ஒட்டினார். அன்று இவர் வீட்டுக்குப் போய், "இந்தத் தடவை முழுசா வந்திருக்கு" என்றார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் நாளன்று காலை, காலியாகக் கிடந்த கூட்ட அறைக்குள் சும்மா எட்டிப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. கால்கள் பின்வாங்கின. படத்தின் மேல் மூலையில் மூன்று கால்வாய்கள் ஒரு தடுப்புச் சுவரில் போய் முட்டின. அந்தச் சுவர் கறுப்பாக இல்லை, வெளிறிய சாம்பலாக இருந்தது. தண்ணீர் அதற்குள் புகுந்து சாவகாசமாக மறுபக்கம் போயிருந்தது.

இடத்துக்கு ஓடிக் கோப்பைத் திறந்தார். இளக்கிவிட்ட கோட்டை இறுக்க மறந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவர், தானே சறுக்கியிருந்தார். நிஜ உலோகத்தில் அந்தச் சுவர் அடைத்துக்கொண்டுதான் நிற்கும். பேருந்தின் அடியில் அந்த மூலை கொதிக்கும். அதற்கு மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதைச் சொன்னால் ஒப்பந்தம் கைநழுவும், மேடம் அலைந்த அலைச்சல் வீணாகும், இவர் இத்தனை காலம் சேர்த்த பேரும் போகும்.  அதையெல்லாம்விட வெட்கமாக இருந்தது.

மேடத்திடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று தேடிக்கொண்டு போவதற்குள் பேருந்துக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்ன சார், பட்டறைக்கு அனுப்பிடலாம்ல?" என்றார் அவர்களில் பெரியவர்.

"சொல்லுங்க சார்" என்று மேடம் சிரித்தார். "தயவுசெஞ்சு முக்கால்வாசின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வார்த்தை அவருடைய தொண்டை வரைக்கும் வந்திருந்தது. விழுங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். ஒட்டியிருந்த படத்தருகே போய், அந்தச் சாம்பல் பட்டையின் மேல் அழுத்தித் தீட்ட ஆரம்பித்தார். பேனா கீச்சிட்டது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"சார், என்ன பண்றீங்க?" என்றபடி மேடம் எழுந்துவிட்டார்.

ஒரு கால்வாய் அடைபட்டது. அடுத்தது. மூன்றாவதும்.

"அப்போ தண்ணி எந்தப் பக்கமா போகும்?" என்றார் பெரியவர்.

"போகாதுங்க" என்றார் அவர்.

கீழ் மூலையில் இன்னொரு சின்னச் சாம்பல் திட்டு இருந்தது. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி உட்கார்ந்து, அதையும் தீட்டினார்.