உப்பு டீ

தொண்ணூற்றேழாம் வருடம், ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து, புனேயில், கட்கி பஜாருக்குப் பின்னால் எங்கள் லைனின் நான்காம் எண் வீட்டில், டீயில் சர்க்கரை நிறுத்தப்பட்டு உப்பு அமலுக்கு வந்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. வழிமொழிய ஆள் இல்லை. ஆனாலும் நிறைவேறியது.

ஆன்ட்டி நேற்றுக் காலை போய்விட்டார். தூக்கத்திலேயே...

நாங்கள் மூன்றாம் எண். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

உப்புக்குக் காரணம் மங்கோலியா. ஆன்ட்டி, சாமுவேல் அங்கிள், பத்து வயது ஜெமி, மூன்று பேரும் மிஷனரி குடும்பமாக அங்கே போவதாக இருந்தார்கள். அந்த ஊரில் பால் டீயில் உப்புதான் போடுவார்கள் என்று, அனுப்புகிற சங்கம் கொடுத்த புத்தகத்தில் இருந்தது. அங்கே போய் அவர்கள் எதிரில் முகம் சுளிக்கக் கூடாது, சுளிப்பதை இங்கேயே சுளித்து முடித்துவிட வேண்டும் என்பது ஆன்ட்டியின் ஏற்பாடு.

அங்கிள் சுளித்தார். ஜெமி அழுதாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன், மரியாதை தெரிந்த வயது. பாதி குடித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மிளகாய், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த மட்டன். டிசம்பரில் குளிர் பழக ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினார்கள். மங்கோலியாவில் மைனஸ் முப்பது. புனேயும் தன்னால் முடிந்ததைச் செய்தது.

பாஷைக்கு ஒரு கேசட். அதில் ஆன்ட்டிக்குச் சுத்தமாக வந்த வார்த்தை "பயர்தாய்". விடைபெறும்போது சொல்வது.

ஜனவரியில் சர்ச்சில் வழியனுப்புக் கூட்டம். பாஸ்டர் ஒன்றரை மணி நேரம் வழியனுப்பினார். அதற்குள் அங்கிள் பிம்ப்ரி கம்பெனியில் வேலையை விட்டிருந்தார். வீட்டுச் சாமான்களும் கொடுத்தாயிற்று. கட்டில் ஒருவருக்கு, டிவி ஒருவருக்கு, கிரைண்டர் எங்களுக்கு.

மெடிக்கல் ரிப்போர்ட் அதற்கு அடுத்த வாரம் வந்தது.

ஆன்ட்டியின் எக்ஸ்ரேயில், நுரையீரலில் ஒரு பழைய தழும்பு. சின்ன வயதில் திருநெல்வேலியில் வந்து, அங்கேயே குணமான டிபி. அந்தக் குளிருக்கு இந்த நுரையீரல் ஆகாது என்று சங்கம் எழுதியது. அனுப்பினால் குடும்பத்தோடுதான் அனுப்புவது அவர்கள் வழக்கம். ஆகவே மூன்று பேருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி வழியனுப்பப்பட்ட மூவரும் அதே சர்ச்சில், அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இன்னும் போகவில்லையா என்று சபை முழுவதும் அன்போடு விசாரித்தது. போறோம், போறோம் என்று ஆன்ட்டி எல்லோருக்கும் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அம்மா, அப்பாவையும் என்னையும் கிரைண்டரைத் தூக்க வைத்து நான்காம் எண் வாசலுக்குக் கூட்டிப்போனாள். ஆன்ட்டி நிலைப்படியில் குறுக்கே நின்றார்.

"வேண்டாம் எக்கா. குடுத்தத திருப்பி வாங்குனா, நாங்க போவலைன்னு ஆயிரும்லா."

கல் கிரைண்டர். தூக்கிக்கொண்டு நின்ற எங்கள் இருவருக்கும் கருத்து எதுவும் இல்லை. அம்மாதான் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. அப்ப சனிக்கிழம அரிசிய ஊறவச்சி எடுத்துக்கினு வா. எங்க மிஷின்ல அரைச்சிக்க."

'எங்க' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

அங்கிளுக்குத் தளேகாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. காலை லோக்கல் ரயிலில் போவார். ஆன்ட்டி சனிக்கிழமைதோறும் பாத்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அரைச்சிக்கட்டுமா எக்கா என்று அனுமதி கேட்டு, தன்னுடைய கிரைண்டரில் அரைத்துக்கொண்டு போனார்.

கிரைண்டர் ஓடும்போது அம்மா இரண்டு பாத்திரத்தில் டீ வைப்பாள். ஒன்றில் எங்களுக்குச் சர்க்கரை. ஒன்றில் ஆன்ட்டிக்கு உப்பு. இனிமேல் எதற்கு உப்பு என்று யாரும் கேட்டதில்லை. அவரும் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

மாவோடு படி இறங்கும்போது "பயர்தாய்" என்பார். அம்மாவும் பதிலுக்கு "பயர்தாய்" என்பாள். ஏதோ மாதாவைக் கும்பிடுகிறார்கள் என்று ஏழெட்டு வருடம் நினைத்திருந்தாள். அவர்கள் மாதாவைக் கும்பிடாத சபை.

ஜெமி நர்ஸிங் முடித்துக் கத்தாருக்குப் போனாள். எங்கள் லைனிலிருந்து வெளிநாடு போன முதல் ஆள். ஆன்ட்டி வழியனுப்ப மும்பை ஏர்போர்ட் வரை போனார். வெளிநாட்டுப் பக்கமாக அவர் போன அதிகபட்ச தூரம் அதுதான்.

இதற்கிடையில் ஆன்ட்டியின் பாஸ்போர்ட் காலாவதியானது. நான் அப்போது கராடியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்பதால் ஃபாரம் நிரப்பும் பொறுப்பு எனக்கு. எதற்கு ஆன்ட்டி என்ற கேள்வி வாய் வரை வந்தது. பெயரை எழுத ஆரம்பித்தேன்.

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். எந்த ஊருக்குப் போகப் போகிறீர்கள் மாவ்ஷி என்று மராத்தியில் கேட்டார். மங்கோலியா என்றார் ஆன்ட்டி. எப்போது என்றார் அவர்.

"பகூ," என்றார் ஆன்ட்டி. பார்க்கலாம்...

கான்ஸ்டபிளுக்கும் உப்பு டீ கொடுக்கப்பட்டது. மிச்சம் வைக்காமல் குடித்தார். ரிப்போர்ட் சாதகமாகவே போனது.

நேற்று அங்கிள் ஏதோ பேப்பர் தேடும்போது அந்தப் பாஸ்போர்ட் பைபிளுக்குள் இருந்தது. காலாவதியாக இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

கட்கி நண்பர்களுக்கு: ஜெமி இன்று இரவு வருகிறாள், அடக்கம் நாளை மதியம். அங்கிளுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. போன் செய்யாதீர்கள், நேரில் வாருங்கள்.

பயர்தாய், ஆன்ட்டி.

இன்று சனிக்கிழமை. அம்மா ஒரே பாத்திரத்தில் டீ வைத்தாள்.