மேற்கே பார்த்த டிஷ்

ஏறாவூரில் டிஷ் இல்லாத கூரையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அத்தனையும் மழைத் தண்ணீர் ஏந்த வைத்த சட்டி மாதிரி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். றபீக்காவின் வீட்டு மொட்டை மாடியில் நின்றது மட்டும் தனிப்பிறவி. எட்டடி அகலம், கம்பிவலை, ஓரமெல்லாம் துரு. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு மேற்கே, கரடியனாற்றுப் பக்கமாகப் பார்த்தபடி நிற்கும். "றபீக்காட டிஷ்சும் தொழப்போற மாதிரி கிப்லா பாத்து நிக்குது" என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த டிஷ் பிடித்தது ஒரேயொரு சனலை. குவைத்தின் உள்ளூர் சனல். அந்த ஊர்ச் செய்தி, அந்த ஊர் வெயில், அந்த ஊர்த் தெரு. நம் பக்கத்துக்கென்று அனுப்பப்படுவதே இல்லை. ஏதோ சிந்திச் சிதறி இங்கே வந்து விழுவதை அள்ளிப் பிடிக்கத்தான் அத்தனை பெரிய டிஷ். பூட்டிக் கொடுத்தவர் கச்சி முகம்மது, ஊருக்கெல்லாம் கச்சி நானா. "இது எங்களுக்கு எறியிற சனல் இல்ல ராத்தா. மயிரிழை அசைஞ்சாலும் போயிரும்" என்று அப்போதே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

றபீக்காவுக்கு எதற்கு அந்தச் சனல்? அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

புருஷன் பதியுதீன் காய்ச்சலில் மௌத்தானபோது மகள் றுமானாவுக்கு ஒரு வயது. இருந்தது ஒரு மண் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் கூடவே வீட்டுக் கவலையும் பிறந்துவிடும். மாப்பிள்ளை வந்து குடியேறக் கல்வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சே எழும்பாது. கட்டி முடித்து, மகள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் அதே வீட்டின் பின்னறைக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். இது சரியா பிழையா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குக் கோபம்தான் வரும். றபீக்கா யாரிடமும் கேட்கவில்லை. மகளைத் தங்கச்சி றிஸ்னாவிடம் ஒப்படைத்துவிட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

போன வீட்டில் ஒரு கைக்குழந்தை, பெயர் ஸாஹிர். தாய்க்காரி உத்தியோகத்துக்குப் போவாள். பால் கரைத்தது, குளிப்பாட்டியது, காய்ச்சலுக்கு மடியில் கிடத்தியது எல்லாம் றபீக்கா. தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஊரான் பிள்ளைக்குச் செய்தாள். யா அல்லாஹ், இதைவிட என்ன கொடுமை வேண்டும்!

வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வெளியே விடுவார்கள். கடற்கரை வீதியோரம் தொலைபேசிக் கூண்டுகள் வரிசையாக நிற்கும். இலங்கைப் பெண்கள் அதற்கு முன்னால் காத்துக் கிடப்பார்கள். தன் முறை வந்ததும் றபீக்கா தங்கச்சி வீட்டுக்கு டெலிபோன் எடுப்பாள். "உம்மா" என்று றுமானாவின் குரல் வரும். பல் விழுந்த சேதியும், குர்ஆன் ஓதி முடித்த சேதியும், வயதுக்கு வந்த சேதியும் அவளுக்கு அந்தக் கூண்டுக்குள்தான் வந்தன. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதால் மகளை வளர்த்தாள்.

வீடு எழும்பியது. அவள் திரும்பி வந்தபோது வாசலில் நின்றது ஆளுயரப் பெண். கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், பிறகு என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. றிஸ்னாவிடம் வாய்க்கு வாய் காட்டும் பிள்ளை, பெற்றவளிடம் "சரி உம்மா, ஓம் உம்மா" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். ஓட்டமாவடியிலிருந்து இஷாம் மாப்பிள்ளையாக வந்தான். வீடு றுமானா பேருக்கு மாறியது. றபீக்கா பின்னறைக்குப் போனாள். போகும்போது எடுத்துக்கொண்டது ஒரு பழைய டீவியும் மாடியிலிருந்து இறங்கிய வயரும்தான்.

பின்னேரம் அஸர் தொழுததும் டீவி முன்னால் உட்காருவாள். இங்கே அஸர் என்றால் அங்கே நடுப்பகல். வானிலை சொல்லும்போது கடற்கரை வீதியைக் காட்டுவார்கள். அதற்காகவே காத்திருப்பாள். மகள் சின்னவளாக இருந்ததெல்லாம் றபீக்காவுக்கு அந்த வீதியில்தான். ஏறாவூரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும், எந்த முற்றத்தைப் பார்த்தாலும், றுமானா ஓடி விளையாடிய ஞாபகம் அவளுக்கு இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மகளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

றுமானா வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த அரபிப் பையனின் முகம் எங்கேயாவது வராதா என்றுதான் உம்மா பார்க்கிறாள் என்று அவளுக்கு நிச்சயம். அந்தப் புண்ணில் றபீக்காவே ஒருநாள் உப்பைப் போட்டாள். பேரன் அஸ்பாக்கைக் குளிப்பாட்டும்போது நாக்குத் தவறி, "ஸாஹிர், கண்ண மூடு மனே" என்றுவிட்டாள். துவாயோடு நின்ற றுமானா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டக் கொடுக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போது இஷாம் மேல்மாடி கட்டத் துணிந்தான். மேசன் வந்து பார்த்துவிட்டு, டிஷ் நிற்கிற இடத்தில் தூண் வருகிறது, கழற்ற வேண்டும் என்றான். இஷாம் நல்ல மனுஷன், மாமியிடம் கேட்காமல் தொடமாட்டான். ஆனால் எங்கள் வீடுகளில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் மகள்.

"மாமிக்கு அந்த டிஷ் தேவையாண்டு கேளு" என்றான்.

றுமானா பின்னறை வாசலில் வந்து நின்றாள். "டிஷ்ஷக் கழட்டட்டாமா?"

 வேண்டாம் என்ற ஒரு சொல் றபீக்காவின் வாய் வரை வந்தது. எழுதிக் கொடுத்த வீட்டில் இதை வை, அதை எடுக்காதே என்று வாய் திறந்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? மகளுக்கு அது தலைகுனிவு அல்லவா? "ஊடு ஒன்ட. மருமகன்ட விருப்பம்" என்றாள்.

"ஒண்டுமில்லயாம், கழட்டட்டாம்" என்று றுமானா அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சொன்னாள். ஒரு சொல்லை ஒளித்து வாழ்ந்த தாய்க்கு ஒரு சொல்லைத் திரித்துச் சொல்லும் மகள். என்னத்தைச் சொல்ல!

அடுத்த நாள் டிஷ் கிணற்றுக் கட்டில் சாய்ந்து கிடந்தது. அஸர் தொழுதுவிட்டு றபீக்கா வழக்கம்போல டீவியைப் போட்டாள். வெறும் நீலத் திரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. பிள்ளையின் உடுப்பை எடுக்க வந்த றுமானா கண்டுவிட்டாள். அத்தனை வருஷமும் "சரி உம்மா" என்று அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனி அவன்ட மொகத்தப் பாக்க ஏலாதெண்டா அழுறீங்க? என்னய உட்டுட்டுப் போகக்குள்ள இப்பிடி அழுதீங்களா உம்மா?"

றபீக்கா முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். "அவன்ட நினைப்பும் வரும் மகள். இந்தக் கையால வளத்த புள்ள, இல்லண்டு பொய் செல்ல ஏலா. ஆனா நான் பாக்கிற ஒன்னத்தான்."

"என்னயா? அந்த நாட்டு டீவியிலயா?"

"ஒன்ட சின்ன வயசு எனக்கு இஞ்ச எங்க இரிக்கி, செல்லு. றிஸ்னாவக் கேட்டா இந்த முத்தத்தக் காட்டுவா, மதரசாவக் காட்டுவா. நான் எதக் காட்ட? ஒன்ட கொரல் கேட்ட அந்த றோட்டு மட்டும்தான் எனக்கு இரிக்கி."

 ஹோலில் இருந்த இஷாமின் காதிலும் இது விழுந்தது. அவன் எழும்பி வந்தான், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நேரே பேசாதவன் அன்றைக்குத்தான் நேரே பேசினான்.

"மாமி, ஒரு சொல்லுச் செல்லியிருந்தா நான் கழட்டியிருப்பனா? தூணத் தள்ளி வெச்சாப் போகுது."

கச்சி நானாவுக்கு ஆள் போனது. வந்தவர் வாய்நிறையத் திட்டிக்கொண்டுதான் மாடி ஏறினார். முதல் நாள் சனல் கிடைக்கவில்லை. மறுநாளும் மேலே அவர் திருப்பத் திருப்ப, கீழே நீலத் திரை அசையவில்லை. றபீக்கா "போதும் மகள், விடு" என்றாள். றுமானா ஒற்றைக்காலில் நின்றாள். ஜன்னலால் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் திருப்புங்க நானா" என்று கத்தியபடியே இருந்தாள்.

அஸர் தாண்டிய பிறகு திரை படபடவென்று அடித்தது. சதுரம் சதுரமாக உடைந்து, ஒட்டி, ஒரு வீதி வந்தது. வெயில், கடல், ஓடும் கார்கள். றுமானா தாயின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே அதுதான் முதல் தடவை.

"எங்க உம்மா அந்த டெலிபோன் கூண்டு?"

"இப்ப இல்ல. எல்லாம் உடைச்சிட்டாங்க." றபீக்கா திரைக்குக் கிட்டப் போய், ஓர் ஈச்சமரத்தின் அடியில் விரலை வைத்தாள். "இஞ்சதான் ஒனக்குப் பல்லு விழுந்த. இஞ்சதான் நீ ஓதி முடிச்ச. நீ பெரிய மனுசியானதும் இந்த மரத்தடியிலதான்."

றுமானா அந்த விரலையே பார்த்தாள். அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. கேட்கவா விடவா என்று தயங்கிக் கடைசியில் கேட்டாள். "ஒருநாள் நான் கோவத்தில டெலிபோனுக்கு வரமாட்டனெண்டு கட்டிலுக்குக் கீழ ஒளிச்சன். றிஸ்னா சாச்சி எவ்வளவு கூப்பிட்டும் வரல்ல. அது எங்க உம்மா?"

றபீக்காவின் விரல் மரத்தை விட்டு நகர்ந்தது. வீதியைக் கடந்து, கடலோரத்துக் குட்டைச் சுவரில் போய் நின்றது.

"அது இதில. இதிலதான் குந்தி இருந்தன், பொழுதுபட்டு மஃரிபாகிற வரைக்கும்."

றுமானா தாயின் கையைத் திரையிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். மாடியில் டிஷ்ஷைக் கையால் தாங்கியபடி கச்சி நானா கத்தினார், "என்னகா, படம் நிக்குதா? கை கடுக்குது, உடட்டா?"

"உடாதீங்க நானா!" என்று அழுகையோடு கத்தினாள் றுமானா. "அப்பிடியே புடிங்க, நான் இன்னும் பாத்து முடியல்ல."