‘பை அஸ்’ என்று எழுதிய ஞானசெல்வி

அருள்புரத்தில் சாயமேற்றிய துணியை எடுத்துவரப் போயிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. “ஞானசெல்வி அக்கா போயிட்டாங்க” என்றார் பேக்கிங் பிரிவு மணி. “எந்தக் கம்பெனிக்குங்க?” என்று கேட்டேன். அவர் அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி வந்திருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஆங்கிலம் படித்தவர், திருமணமாகி மண்ணரைக்கு வந்தவர். எங்கள் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுப் பையர்களுக்கு, சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்களுக்கு, மெயில் எழுதும் வேலை அவருடையது. நான் தையல் பிரிவு சூப்பர்வைசர். மாலையானால் என் மேஜை முன்னால் வந்து நிற்பார்.

“தச்சாச்சா, தச்சிக்கிட்டு இருக்காங்களா, இனிமேதானா?”

“ஆயிருமுங்க, ஆச்சுன்னே எழுதிருங்க அக்கா.”

“மூணுக்கும் மூணு வார்த்தை இருக்கு தம்பி. ஒண்ணைச் சொல்லுங்க.”

தைத்து முடித்திருந்தால் ‘ஹேவ் பீன் ஸ்டிட்ச்ட்’. மெஷினில் ஓடிக்கொண்டிருந்தால் ‘ஆர் பீயிங் ஸ்டிட்ச்ட்’. துணியே வரவில்லை என்றால் ‘வில் பீ ஸ்டிட்ச்ட்’. நடுவிலுள்ள சின்னச் சொல்லை மாற்றினால் பையர் நச்சரிப்பில்லாமல் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம். அவர் மாற்ற மாட்டார். களைத்துப்போயிருந்த எனக்குப் பல நாள் அது எரிச்சலாகவே இருந்தது.

“எல்லாமே தானாத் தைச்சுக்கிட்ட மாதிரியே எழுதறீங்களே அக்கா, தைக்கிறவங்க எங்கீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவங்களுக்குச் சட்டைதான் வேணும். தைக்கிறவ இருந்தா என்ன, செத்தா என்ன” என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

ஒரு கோடையில் குழந்தைகளின் சட்டைகளில் அளவு லேபிள் மாறிப் போய்விட்டது. சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி அவரையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“லேபிள் வெச்சது சரசுதானுங்களே? அவ பேரைப் போட்டு, வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னு எழுதுங்க.”

சரசு இரண்டு ஷிஃப்ட் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தவள். பையர் தேதியை முன்னால் இழுத்ததால் வந்த இரட்டை ஷிஃப்ட் அது. அக்கா தன் இடத்துக்குப் போய், ‘ராங் லேபிள்ஸ் வேர் ஸ்டிட்ச்ட்’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். தைக்கப்பட்டன. அவ்வளவுதான்.

மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: ‘பை ஹூம்?’ யாரால்?

அக்கா ‘பை அஸ்’ என்று அடித்தார். எங்களால். அதோடு நிறுத்தவில்லை. ‘ஆஃப்டர் தி டெலிவரி டேட் வாஸ் அட்வான்ஸ்ட் பை யூ.’ தேதி உங்களால் முன்னுக்கு இழுக்கப்பட்ட பிறகு.

“அக்கா, வேண்டாமுங்க” என்றேன். அனுப்பிவிட்டார்.

அதற்குப் பதிலே வரவில்லை. ஆர்டர்கள் வழக்கம்போல வந்தன. சரசு வேலையில் இருந்தாள். தனக்காக என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முதலாளி, “இனி நான் பாக்காம ஒரு மெயிலும் போகக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி அறை வாசலில் அக்கா நிற்க வேண்டியிருந்தது. கால் வீங்கியிருக்கும். “உக்காருங்க அக்கா” என்றால், “உக்காந்தா தூங்கிருவேன் தம்பி” என்பார். வேறு கம்பெனி தேடவும் தெம்பில்லை என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

அடக்கம் சொந்த ஊரில்தான் என்று அவர் கணவர் சொல்லிவிட்டார். நானும் மணியும் இன்னொரு வண்டியில் தாராபுரம் வரை உடன் போனோம். அதற்குமேல் எங்களுக்கு விடுப்பு இல்லை. அமராவதி பாலத்தருகே இறங்கிக்கொண்டோம். ஆம்புலன்ஸ் வேகம் குறைக்காமல் தெற்கே போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் பாதங்கள் மட்டும் வெள்ளைத் துணி மூடித் தெரிந்தன. அவர் படுத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நல்லாத் தூங்குங்க அக்கா.