மாத்திரைக்கு முன்னா, பின்னா

பூட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுவேன். கை சுத்தம், தொழில் சுத்தம், நேரம் தவறமாட்டார். மீதியெல்லாம் வாய்.

நான் சிறுநீரக ஆய்வுப் பிரிவில் ரத்தம் எடுக்கிறவன். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களை இருபது வருடம் விடாமல் பின்தொடர்ந்து, எந்த மாத்திரையை எந்த அளவில் கொடுத்தால் அது எத்தனை காலம் தாங்குகிறது என்று பார்க்கிற ஆய்வு. மாடியில் டாக்டரம்மா எண்களை வைத்துக் கோடு வரைவார். அந்த எண்கள் கீழே ஆறாம் எண் அறையிலிருந்து போகும். ஒரு நாற்காலி, கையை நீட்டிவைக்க ஒரு பலகை, குழாய்கள் நிற்கும் தாங்கி, ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு ஃபிரிட்ஜ். என் உத்தியோகம் முழுக்க அந்த அறையில்தான் கழிந்தது.

குத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காலை மாத்திரை போட்டாச்சா? புதிதாக வைத்த சிறுநீரகத்தை உடம்பு வேற்றாளாக நினைத்து அடித்து விரட்டாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். அடுத்த வேளைக்குச் சற்று முன்னால், மருந்து ரத்தத்தில் நன்றாகக் குறைந்திருக்கும்போது எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். போட்டுவிட்டு வந்தால் இரண்டு மடங்கு, சில பேருக்கு மூன்று மடங்குகூடக் காட்டும். அதனால் எல்லோரும் மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு வராந்தாக் குழாயடியில் விழுங்குவார்கள். படிவத்தில் இதற்கென்றே இரண்டு கட்டம் உண்டு. போட்டார், போடவில்லை. இரண்டில் ஒன்றில் நான் டிக் அடிக்க வேண்டும்.

பூட்டுக்காரரின் கடை ஒரு கதவு அகலம்தான் இருக்கும். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தகரச் சாவி தொங்கும். எந்தப் பூட்டையும் இரண்டு நிமிடத்தில் திறந்துவிடுவார். பிறகு அரைமணி நேரம், அந்தப் பூட்டை வாங்கியவரின் அறிவைப் பற்றிப் பேசுவார். முப்பத்திரண்டு வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கை, இரண்டு வருடம். அலமாரிச் சாவியைத் தொலைத்த நர்சுகள் அவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து கூட்டிப்போவார்கள். திறந்துகொடுத்துவிட்டு, அவர்களையும் திட்டுவார்.

கடைசியில் அவருடைய அக்கா ஒன்றைக் கொடுத்தார். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆபரேஷன் அறைக்குள் போகும்போது, "இந்தா, எடுத்துக்கோ. வீணாக்கினே, நானே உன்ன முடிச்சிடுவேன்" என்றாராம். அந்தக் குடும்பத்தில் பாசம் அப்படித்தான் பேசும் போலிருக்கிறது. பதினோரு வருடம் அந்தச் சிறுநீரகம் ஒரு குறையும் சொல்லாமல் வேலை செய்தது. டாக்டரம்மா வரைகிற கோடுகளிலேயே நேராகப் போன கோடு அவருடையது.

எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது ஒன்றரை வருடத்துக்கு முன்னால். அன்று அவருடைய நரம்பு நழுவிக்கொண்டே போனது. மூன்றாவது முறை குத்தும்போது, வாசலில் நின்ற வரிசைக்குக் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: "இந்தக் கொசுவுக்குக் கண்ணு தெரியல. வேற நல்ல கொசுவா இருந்தா அனுப்புங்கப்பா."

வரிசை சிரித்தது. தலை சுற்றுகிறது என்று பெஞ்சில் படுத்திருந்த அம்மாள்கூட எழுந்து உட்கார்ந்து சிரித்தார். அதோடு விட்டாரா, அதுவும் இல்லை. ஒரு முழுப் பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுவாரமே கூட்டித் துடைக்கிற பெண்மணி முதல் லிஃப்ட்காரர் வரை எனக்குக் கொசு என்று பெயர் நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார், உட்காருவார், கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்ப்பார். நான் ரப்பரைக் கட்டுவேன், குத்துவேன், பஞ்சை வைப்பேன். மாத்திரை போட்டாச்சா என்றுகூடக் கேட்பதில்லை. அவரிடம் வாயைத் திறப்பதே எனக்கு மானக்கேடாக இருந்தது. போடவில்லை என்ற கட்டத்தில் நானே டிக் அடித்துவிடுவேன். இத்தனை வருடம் பழகின ஆள், வழக்கம் போல மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வீம்பு, வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவருடைய எண்கள் கோணலாகப் போகத் தொடங்கின. ரத்தத்தில் மருந்து அதிகமாகக் காட்டியது. கூடவே, சிறுநீரகம் சோர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டிலிருந்து ஒன்று புள்ளி ஐந்துக்கு ஏறியது. மருந்து மிஞ்சித்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று டாக்டரம்மா அளவைக் குறைத்தார். அடுத்த முறையும் மருந்து அதிகம், கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது. இன்னும் குறைத்தார். அதற்கடுத்த முறை இரண்டு புள்ளி நான்கு. இனி கால்வாசி மாத்திரை போதும் என்றார்.

அந்தத் தாள்கள் என் கையைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொன்றையும் பார்த்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. எழுதும்போதே கூசுகிறது, ஆனாலும் இருந்தது. பெரிய மேதாவி, அளவு தெரியாமல் மாத்திரையை அள்ளிப்போட்டுக்கொள்கிறார், படட்டும் என்று நினைத்தேன்.

கால்வாசி என்று எழுதிக்கொடுத்த அன்றே, அக்கா வேனை வாசலில் நிறுத்திவிட்டு ஆறாம் எண் அறைக்கு வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னதான் ரத்தம் எடுக்கிறீங்க நீங்க? ஒவ்வொரு தடவையும் மாத்திரையக் குறை, குறைன்னு சீட்டு வருது. அவன் முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு."

"அதிகமா போட்டா அப்படித்தாம்மா. உங்க தம்பியக் கேளுங்க" என்றேன்.

"அவன் எங்க போடுறது? மாத்திரை என் வேன்லதான் இருக்கு. வேல வேலன்னு ரெண்டு நாள் போடாம விட்டான், ஒன்றரை வருஷம் இருக்கும். அதுலேர்ந்து நான்தான் எண்ணிக் குடுக்கிறேன். காலைல ஆறரை, சாயங்காலம் ஆறரை. ஒரு வேள தப்பாது."

"ரத்தம் குடுக்க வர்ற அன்னிக்கு?"

"அன்னிக்கு மட்டும் என்ன? ஆறரைக்கு என் கண்ணு முன்னாடி முழுங்க வச்சுட்டுத்தான் இங்க இறக்கி விடுறேன். அப்புறம்தான் பிள்ளைங்கள ஏத்தப் போவேன்."

எட்டு மணிக்கு நான் ரத்தம் எடுத்திருக்கிறேன். மாத்திரை விழுங்கி ஒன்றரை மணி நேரத்தில், மருந்து ரத்தத்தில் உச்சிக்கு ஏறி நிற்கிற நேரத்தில். அதிகம் என்று காட்டியதெல்லாம் பொய். அந்த இரண்டு நாள் விட்டதில் தொடங்கிய கோளாறுக்கு, நிஜத்தில் மருந்து போதாமல் இருந்திருக்கிறது. அதை நாங்கள் மேலும் மேலும் குறைத்திருக்கிறோம். அவருடைய உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அடித்து விரட்டிக்கொண்டிருக்கிறது.

மாடிக்கு ஓடினேன். "அவர் மாத்திரை போட்டுட்டுத்தான் வர்றாராம் டாக்டர்" என்றேன். அதுவரைக்கும் உண்மை. டாக்டரம்மா அன்றைக்கே பூட்டுக்காரரைப் படுக்கவைத்து, ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார். நினைத்தது போலத்தான் இருந்தது. மூன்று நாள் கடுமையான மருந்தை நரம்பில் ஏற்ற ஏற்பாடானது. அதற்குப் பிறகு என் படிவங்களை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். நானும் பின்னால் போனேன்.

"ஆறு தடவை கேட்டிருக்காங்க, ஆறு தடவையும் போடலன்னு சொல்லியிருக்கீங்க. ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கல" என்றார் பூட்டுக்காரர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அக்கா பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரும் பார்த்தார்.

"கேட்டேன்" என்றேன்.

பூட்டுக்காரர் என்னை நன்றாகப் பார்த்தார். "சரி, கேட்டாரு. எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொன்னபடி நடக்காதவர் என்று டாக்டரம்மா கோப்பில் எழுதினார். இந்தச் சிறுநீரகம் போய்விட்டால், இன்னொன்றுக்காகக் காத்திருக்கும் பட்டியலில் அந்த ஒரு வரி அவரைக் கடைசிக்குத் தள்ளிவிடும். அது எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை அக்கா என் அறைக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து, ரத்தம் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்ககிட்ட கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. அவன் புத்தி தெரிஞ்சும் உங்கமேல பாஞ்சது தப்பு."

அவர் இன்னும் ஒரு முறை கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மன்னிப்புக் கேட்டதுதான் தாங்கவில்லை.

"நான் கேக்கவே இல்லம்மா" என்றேன். "ஒன்றரை வருஷமா ஒரு தடவகூடக் கேக்கல. நானா டிக் அடிச்சேன்."

"ஏன்?"

"என்னைக் கொசுன்னு சொன்னாரு."

வெளியே சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது. அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நட" என்றார். அதுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். "மேல போய் அந்தம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன். டாக்டரம்மா கோப்பில் எழுதிய வரியை அடித்தார். ஒன்றரை வருடத்தில் நான் நிரப்பிய படிவம் அத்தனையையும் மேசைமேல் எடுத்துப் போடச் சொன்னார். நாளையிலிருந்து ஆறாம் எண் அறைக்கு வர வேண்டாம் என்றார். கிரியாட்டினின் இரண்டில் வந்து நிற்கிறது, இனி பழைய இடத்துக்கு இறங்காது, பல வருடம் ஓட வேண்டியது சில வருடம் ஓடலாம் என்றும் சொன்னார்.

அங்கிருந்து அக்கா என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பூட்டுக்காரர் ஊதிப்போன முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ரத்தம் குடுக்கிறதுக்கு முன்னாடி போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று தம்பியைக் கேட்டார்.

"தெரியும். சொன்னா நீ சாக்குன்னு சொல்லுவே. இவரு கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். வாயே தொறக்காத ஆளுகிட்ட நானா போய்ப் பேசணுமா?"

அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு ரப்பரைக் கட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். என்கிட்ட இன்னும் ஒன்னுதான் இருக்கு."