கோப்புக்குள் ஒரு முகூர்த்தச் சீட்டு

மகளுக்குத் தெரியாமல் அவளுடைய மருத்துவக் கோப்புக்குள் முகூர்த்தச் சீட்டு ஒன்றைச் செருகியவன் நான். ராகுகாலத்தைக் கிண்டல் செய்து பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிய அதே கையால்தான் செருகினேன்.

அவள் இங்கிலாந்தில் ஏழாம் மாதம் வரை ஒரு மருத்துவச்சியின் கவனிப்பில் இருந்தாள். அங்கே சிக்கல் என்றால்தான் டாக்டர் எட்டிப் பார்ப்பாராம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அடம்பிடித்து அவளை ஹைதராபாத்துக்கு வரவழைத்தவர்கள் நானும் என் மனைவியும். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஆபரேஷன் வேண்டாம்ப்பா. வேற வழியே இல்லைன்னா மட்டும்.”

சரி என்றேன். சனத்நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் பதிவு செய்தோம். நேரம் குறித்துக்கொண்டு வந்து வயிற்றைத் திறந்துகொள்வது அங்கே கல்யாண மண்டபம் பிடிப்பதைப் போலச் சாதாரணம். விஜயவாடாவிலிருந்து சம்பந்தியம்மா ஃபோன் செய்தார். ஒருவேளை ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் இருக்கட்டும் என்று, அந்த வாரத்தின் ஏழு நாளுக்கும் நல்ல நேரம் சொன்னார். ஒருவேளைதானே என்று எழுதி வைத்தேன். பெரிய மனுஷத்தனம் என்று அப்போது நினைப்பு.

வியாழக்கிழமை விடியும்போது வலி வந்தது. பதினொரு மணிக்கு டாக்டரம்மா கோப்பைத் திறந்தார். மேலேயே என் சீட்டு. அவர் கண் முதலில் சீட்டுக்குப் போனது, பிறகுதான் குழந்தையின் இதயத்துடிப்பு ஓடும் திரைக்குப் போனது. இதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“துடிப்பு குறையுது. ஆபரேஷன் செஞ்சிடலாம். நீங்க கேட்ட பன்னிரண்டு நாற்பதுக்கே.”

மகள் வலியை நிறுத்திவைத்ததுபோல் திரும்பினாள். “நீங்க என்னப்பா கேட்டீங்க?”

நான் டாக்டரிடம் கெஞ்சினேன். “அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்கம்மா. அது சும்மா.”

“சீட்டுக்காக இல்ல சார். குழந்தை நல்லா இருக்கணுமா வேண்டாமா?”

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருக்கும் தகப்பன் எந்த நாட்டிலும் இல்லை. மகள் கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

தியேட்டர் வாசலில் அவள் படுத்திருந்த தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். பன்னிரண்டு நாற்பது வந்து போனது. ஒரு மணி ஆனது. உள்ளே யாரோ, வெளியே நாங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒவ்வொருவரையும் மறித்து, “துடிப்பு குறையுதுன்னாங்களே” என்றேன். ஒவ்வொருவரும் “ரெண்டே நிமிஷம்” என்றார்கள். நான் எழுத்தில் கேலி செய்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வரிசை நீளமாக இருந்தது.

“அப்பா, பாப்பா அசையல,” என்றாள் மகள். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கொண்டுபோனபோது ஒன்று முப்பத்தைந்து. ராகுகாலம் பிறந்து ஐந்து நிமிடம். பேத்தி பிறந்ததும் அழவில்லையாம். தட்டி, உறிஞ்சி எடுத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாளாம். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பிறகு சரியாகிவிட்டது என்றார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் நர்ஸம்மா ஒருவர் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். சீட்டு இன்னும் உள்ளேயே இருந்தது. அன்றைக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டேன்.

“ஹவ் சார்,” என்று அந்த ஊர் வழக்கில் ஆமாம் போட்டார். “தியேட்டர் ஒண்ணுதானே. அதே நேரத்துக்கு அன்னிக்கு நாலு சீட்டு. உங்களையும் டைம் கேட்டவங்க லிஸ்ட்ல சேத்துட்டாங்க. சீட்டு இல்லாம இருந்திருந்தா, அவசரக் கேஸ்னு மொதல்ல எடுத்திருப்பாங்க.”