பேசக் கூடாத விளையாட்டுகள்

என் மகளுக்கு இரண்டரை வயது முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தால் வாசலுக்கு ஓடுவாள். செங்கல்பட்டு டாக்டர் நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், "பேசிடும்மா, அவசரப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். அவசரப்படாமல் எப்படி இருப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன் நான் மெட்ராஸில் ஒரு மாண்டிசோரி பள்ளியில் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது, பள்ளியில் கற்றதையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளியில் இருந்த வழவழப்பான கட்டைகளுக்கும் கண்ணாடி மணிகளுக்கும் நான் எங்கே போவேன்? வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளித்தேன். மகளின் மரச் சொப்பைப் பரணில் போட்டேன். பொய்ச் சமையலைவிட நிஜப் பாத்திரமே நல்லது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு சின்ன டம்ளரும் கொஞ்சம் அரிசியும் கொடுத்தேன், ஒன்றிலிருந்து மற்றதில் கொட்ட. மாமல்லபுரம் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் பெரிது, சிறிது என்று வரிசையாக வைத்துக் காட்டினேன். சிறிதையெல்லாம் அவள் வாயில் போட்டுக்கொண்டாள். புளியங்கொட்டைக்கு மாறினேன். கிளிஞ்சல் சரியா, புளியங்கொட்டை சரியா, இரண்டுமே தப்பா? கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

பள்ளியில் இன்னொரு விதியும் உண்டு. செய்து காட்டும்போது பேசக் கூடாது. குழந்தையின் கண் நம் கையில்தான் இருக்க வேண்டும். பேச்சு குறுக்கே வரும். அது வேலையில் இருக்கும்போது சபாஷ் கூடச் சொல்லக் கூடாது. நான் இந்த விதியைப் பிடித்தேன் பாருங்கள், உடும்புப் பிடி. மகள் டம்ளரைத் தொட்டால் வீடே வாயை மூட வேண்டும்.

என் ஓரகத்திக்கு இது பொறுக்கவில்லை. கணவருடைய அண்ணனின் மனைவி, எனக்கு அக்கா மாதிரி. "இன்னாடி இது, கொயந்த முன்னாடி ஊமையாட்டம் குந்திகினு கீற? நீ பேசினாத்தான அது பேசும்?"

"இல்லக்கா, பாத்துக் கத்துக்கணும்."

"நல்லாக் கத்துகிச்சு போ."

அவளிடமும் ஒரு மருந்து இருந்தது. திருக்கழுக்குன்றம் மலையில் கழுகுக்கு ஊட்டும் பொங்கலில் மிச்சத்தை வாங்கிக் கொடுத்தால் வாய் திறக்குமாம். போனோம். கழுகு வந்தது, தின்றது, பறந்தது. மகள் பொங்கலைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டுமென்று கையை நீட்டினாள். பள்ளியை நம்புவதா, மலையை நம்புவதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாக நம்பினேன். பயம் மட்டும் முழுசாக இருந்தது.

அறுவடை முடிந்து ஒரு நாள் காலையில் களத்தில் நெல் அளந்தார்கள். அளந்தவர் என் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். கணக்கு மறக்காமல் இருக்க, அடுத்த மரக்கால் நிரம்பும்வரை அதையே ராகமாக இழுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மகளை ஓர் ஓரமாக உட்காரவைத்து, அரிசிக்குப் பதில் நெல்லைக் கொடுத்துவிட்டு நான் வழக்கம்போல் மௌனமாக நின்றேன்.

அவர் எங்கேயோ பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மகள் ஒரு டம்ளர் நெல்லை அடுத்த டம்ளரில் கொட்டினாள்.

"லாபம்" என்றாள்.

தெளிவாகத்தான் சொன்னாள். அளந்தவர் மரக்காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தினி ஆச்சு அண்ணாத்த?" என்று கேட்டார் நெல் வாங்க வந்த வியாபாரி.

"மறந்துட்டேன்பா. எல்லாத்தையும் கொட்டு. மொதல்லேருந்து அளக்கலாம்."

எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. அம்மா என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். வந்ததோ நெல் கணக்கு. ஒண்ணு என்று திருத்துவதா? விதிப்படி சும்மா இருப்பதா? என் டம்ளர் பேசவைத்ததா, அவர் ராகமா, மலைமேல் கழுகா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம் ஓடிப்போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "ஆமாடி தங்கம், லாபம். இது நெல்லு. இது டம்ளரு. அதோ மாடு பாரு, பெரியப்பா பாரு, அம்மா பாரு, அம்மா..." மாதக்கணக்காக அடக்கிவைத்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. அழுகையும் கூடவே வந்தது. என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

நெல் தூசி படிந்த கையால் மகள் என் வாயைப் பொத்தினாள். பெரியப்பா மறுபடியும் முதல் மரக்காலை அள்ளியிருந்தார். லாபத்துக்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது.